முக்கோண மேடம்

எங்கள் மண்ணூர் பஸ் நிறுத்தத்தில், மின்கம்பத்துக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே, என் அக்கா காந்திமதி இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றாள். நீலச் சீருடை, தொப்பி, நெஞ்சில் வண்ணப் பட்டைகள். தலைக்கு மேலே ஒரு போர் விமானம் சீறியது. அது எந்த நாட்டு விமானம் என்று இணையத்திலிருந்து எடுத்துப் போட்டவனுக்கே தெரியாது. கீழே சிவப்பு எழுத்தில், ‘எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்திய வீரமங்கை, மண்ணூரின் மகள், குரூப் கேப்டன் காந்திமதி ரகுபதி அவர்களே, வருக வருக!’ அதற்கும் கீழே, அக்காவின் முகத்தைவிடக் கொஞ்சம் பெரிய முகத்தோடு, பிளக்ஸ் வைத்த எங்கள் பெரியப்பா மகன் சுபாஷ் கைகூப்பிக்கொண்டிருந்தான். மனை வாங்கி விற்பவன். கைப்பேசி எண்ணையும் மறக்காமல் போட்டிருந்தான்.

என் அக்கா தன் வாழ்நாளில் எந்த விமானத்தையும் சுட்டதில்லை. சுடச் சொல்லி எல்லோரும் கத்திய ஒரு சாயங்காலத்தில், சுடக் கூடாது என்றாள். அதற்காக அவள் மேல் விசாரணை நடந்துகொண்டிருந்தது. அந்தச் சாயங்காலம் அவளுடைய ரேடார் நிலையத்தில் ஒருவன் செத்துப்போனான். அவன் அம்மா சொர்ணம்மாள் குன்றத்தூரில் இருந்தார். அவரைப் பார்த்து நடந்ததைச் சொல்லத்தான் அக்கா லீவு போட்டு வந்துகொண்டிருந்தாள். வரவேற்க இந்த பிளக்ஸ். கிழித்தெறியக் கை துறுதுறுத்தது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதால் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

நான் கோபால். இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். கேட்டில் நுழையும்போதே கைப்பேசியின் கேமராக் கண்ணில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். வெறும் சீட்டுக்கு அவ்வளவு ரகசியம். நாட்டின் வானத்தைக் காவல் காக்கிறவளை மட்டும் பஸ் நிறுத்தத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள்.

அக்கா விமானப்படையில் சேர்ந்ததற்கு ஊரில் பல கதை சொல்வார்கள். சின்ன வயதிலேயே மொட்டை மாடியில் படுத்து விமானம் பார்ப்பாளாம். எல்லாம் சுபாஷ் வகைக் கதை. உண்மையில் அவள் கல்யாணத்துக்குத் தப்பித்து ஓடினாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் முடித்த வருடம், அப்பா ஒரு மாப்பிள்ளையைக் கூட்டிவந்து உட்கார வைத்தார். அக்கா காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “எனக்கு டிரெயினிங்குக்கு ஆர்டர் வந்திடுச்சு. அடுத்த வாரம் ரயில்” என்றாள். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டார் மட்டும் பஜ்ஜியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதற்கப்புறமும் அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

விமானம் ஓட்டுவாள் என்று நினைத்திருந்தோம். ஓட்டவில்லை. இருட்டறையில் உட்கார்ந்து, ரேடார் திரையைப் பார்த்து, மேலே பறக்கிறவனுக்கு வழி சொல்வதுதான் வேலை. எதிரி எங்கே, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எப்போது திரும்பி வர வேண்டும், எல்லாம் இவள் வாயிலிருந்து போக வேண்டும். “ஏரோப்பிளேன் ஏறாத ஏர்போர்ஸா?” என்று ஊரார் கிண்டல் செய்வார்கள். “டிரைவர் நிறைய பேர் கீறாங்க. ரோடு காட்டத்தான் ஆள் இல்ல” என்பாள் அவள்.

அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. ரேடியோ செத்துப்போன விமானம், தரையில் திரை பார்ப்பவர் கண்ணில் படும்படி வானத்தில் முக்கோணமாகப் பறக்க வேண்டும் என்று ஒரு பழைய முறை இருக்கிறதாம். ‘வாய் பேச முடியவில்லை, நான் உங்களவன்தான்’ என்று அதற்கு அர்த்தம். பயிற்சியில் எல்லோரும் படிப்பார்கள், படித்ததும் மறந்துவிடுவார்கள். இந்தக் காலத்தில் ஒரு கருவி போனால் இன்னொரு கருவி இருக்கிறது, முக்கோணம் எதற்கு? அக்கா விடமாட்டாள். அவள் நிலையத்துக்கு எந்தப் படைப்பிரிவு வந்தாலும், பைலட்டுகளை உட்காரவைத்துப் பேசி முடிக்கும்போது, பலகையில் ஒரு முக்கோணத்தைப் போட்டு, “எல்லாம் போச்சுன்னா இது இருக்கு. இதைப் பார்த்தா நான் சுட விடமாட்டேன்” என்பாள். பைலட்டுகள் வாய்க்குள்ளேயே சிரிப்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு ‘முக்கோண மேடம்’ என்று பெயர்.

அப்புறம் எல்லையில் சண்டை மூண்டது. சரியான வெயில் காலம். இங்கே கம்பெனிகளில் சைரன் அடித்து ஒத்திகை பார்த்தார்கள். லைனில் இருந்த பிள்ளைகள் வெளியே ஓடி மரத்தடியில் நின்று செல்பி எடுத்தார்கள், கேமராவில் ஸ்டிக்கர் இருப்பதை மறந்து. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா மேற்கில் ஏதோ ஒரு விமானத் தளத்தை ஒட்டிய ரேடார் நிலையத்துக்குத் தலைமை அதிகாரி. எங்கே என்று எங்களுக்குச் சொல்லக் கூடாது. பேசவும் நேரமில்லை. அதனால் தினம் காலையில் அப்பாவின் போனுக்கு ஒரு மிஸ்டு கால். எடுக்கக் கூடாது. அடித்து நின்றால் உயிரோடு இருக்கிறாள். அப்பா போனை மடியில் வைத்துக்கொண்டு விடியலிலிருந்து உட்கார்ந்திருப்பார். அது அடித்து நின்ற பிறகுதான் வீட்டில் பல் துலக்குவோம்.

ஒருநாள் காலை மிஸ்டு கால் வந்தது. எங்கள் வீடு மூச்சுவிட்டது. அதே காலையில் குன்றத்தூரில் சொர்ணம்மாளின் போனுக்கு மகனின் மிஸ்டு கால் வரவில்லை.

அவர் மகன் மணிகண்டபிரபுவின் உடலோடு, அக்காவுக்கு அடுத்த நிலையில் இருந்த அதிகாரி வனமாமலை வந்தார். திருநெல்வேலிக்காரர். குன்றத்தூரில் துப்பாக்கி மரியாதையோடு எல்லாம் முடிந்த பிறகு, மண்ணூருக்கு வந்து எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை.

“தம்பி, ரகசியம்னு உள்ளத நான் சொல்ல மாட்டேன்” என்றார். “ஆனா ஒங்க அக்கா பாவம்னு ஒருத்தராவது தெரிஞ்சு வச்சிருக்கணும். அதான் சொல்லுதேன்.”

அவர் சொன்னது இது. அன்று காலையிலிருந்து எதிரியின் டிரோன்கள் வந்தபடி இருந்தன. பொழுது சாயும் நேரம், நம் விமானங்கள் போன வேலையை முடித்துத் திரும்பின. ஒன்று மட்டும் திரும்பவில்லை. அதன் பைலட்டின் குரல் பாதியில் அறுந்தது. விழுந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மேற்கிலிருந்து திரையில் ஒரு புள்ளி எழுந்தது. நம் விமானம் என்றால், கேட்டதும் தானாக அடையாளம் அனுப்பும். இது அனுப்பவில்லை. திரும்பி வருவதற்கென்று குறித்த பாதையிலும் இது வரவில்லை. கூப்பிட்டால் பேசவில்லை. இப்படி வருவதை எதிரி என்று எடுத்துக்கொள்ளச் சொல்லித்தான் உத்தரவு. அக்கா ‘எதிரி’ என்று சொன்னால் போதும், ஏவுகணை கிளம்பிவிடும். தலைமையகத்திலிருந்து போனில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

புள்ளி ஒருமுறை இடப்பக்கம் திரும்பியது. நேராகப் போனது. மறுபடி இடப்பக்கம்.

“மேடம், வேவு பாக்க வார டிரோனும் இப்டித்தான் வட்டம் போடும்” என்றார் வனமாமலை.

“வட்டம் இல்ல வனமாமலை. மூலை பாருங்க.”

“ரெண்டு மூலைதான மேடம் ஆயிருக்கு. மூணாவது திரும்புச்சுன்னா நேரா நம்ம தலைக்கு மேலல்லா வரும்.”

“வரட்டும்.”

மூன்றாவது முறையும் திரும்பியது. இப்போது அது தளத்தை நோக்கி வந்தது. கீழே எரிபொருள் கிடங்கு, நூற்றுக்கணக்கான ஆட்கள். அக்கா மைக்கை எடுத்து, யாரும் சுடக் கூடாது, பொறுப்பு என்னுடையது என்றாள்.

அப்போதுதான் தெற்குப் பக்கம் தாழ்வாக ஒரு டிரோன் வருவதைப் பீரங்கிக்காரர்கள் பார்த்தார்கள். சுடலாமா என்று கேட்டார்கள். அந்தப் பீரங்கிகளின் குண்டு பாயும் திசையிலேயே அடிபட்ட விமானம் புகை கக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா, கூடாது என்றாள். எல்லோரையும் பதுங்கு குழிக்குப் போகச் சொல்லிச் சைரன் அடித்தார்கள். ஜெனரேட்டர் ஷெட்டில் இருந்த மணிகண்டபிரபு மட்டும் போகவில்லை. மின்சாரம் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டர் நின்றால் திரை செத்துவிடும், ஓடுபாதை விளக்கும் போய்விடும். “நான் இங்கியே கீறேன் மேடம், நீங்க அவர எறக்குங்க” என்று உள்போனில் சொன்னானாம். தமிழில். குன்றத்தூர்க்காரன் என்று தெரிந்த நாளிலிருந்து அக்கா அவனிடம் தமிழில்தான் பேசுவாள்.

விமானம் இறங்கியது. நம் விமானம், நம் பைலட். அது ஓடுபாதையில் நிற்பதற்குள் டிரோன் ஷெட்டின் மேல் விழுந்தது.

“அந்தப் பைலட் எறங்குனதும் மொத வார்த்த என்ன சொன்னாம் தெரியுமா?” என்று கேட்டார் வனமாமலை. “திரையில முக்கோண மேடம் இருப்பாவன்னு தெரியும், அதான் தைரியமா சுத்துனேன்னான்.” இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

அக்கா வந்த அன்று பிளக்ஸை நிமிர்ந்து பார்த்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தாள். வீட்டில் பெட்டியை வைத்தாள், சாதாரணப் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டாள். “டேய் கோபாலு, வண்டிய எடு, குன்றத்தூர் போலாம்” என்றாள்.

“அக்கா, விசாரணை முடியற வரிக்கும் யாராண்டயும் பேசக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க இல்ல?”

“ரேடாரப் பத்திப் பேசக் கூடாது. மிலிட்டரி ரகசியத்தப் பேசக் கூடாது. அவன் ஏன் செத்தான்னு அவன் அம்மாவாண்ட சொல்லக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல.”

“அவங்க போயி நாலு பேராண்ட சொன்னா உன் வேலையே போயிடும்கா.”

“போவட்டும். வண்டிய எடு.”

எனக்குக் கோபமும் பயமுமாக வந்தது. வழியெல்லாம் மனசுக்குள் வேண்டிக்கொண்டே ஓட்டினேன். அந்த அம்மாள் வீட்டில் இருக்கக் கூடாது என்றுதான் வேண்டினேன்.

இருந்தார். குன்றத்தூர் மலைக் கோயில் அடிவாரத்தில், ஒரு சந்துக்குள் வாடகை வீடு. சொர்ணம்மாள் எங்கள் கம்பெனிக்கு எதிர்க் கம்பெனியில் கேன்டீன் சமையல் வேலை பார்ப்பவர். முதல் ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் போனை எடுத்து நீட்டினார். சுபாஷின் பிளக்ஸ் எங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

“இது நீதானா?”

“நான்தாம்மா. ஆனா அதுல எழுதிக்கீறது பொய். நான் எதையும் சுடல.”

“பின்ன இன்னாதான் பண்ண?”

அக்கா தரையில் உட்கார்ந்தாள். எதையும் மறைக்காமல், எதையும் கூட்டாமல் சொன்னாள். டிரோன் வந்ததும், அவர்கள் கேட்டதும், இவள் கூடாது என்றதும். மணிகண்டபிரபு உள்போனில் சொன்னதை அவன் சொன்னபடியே சொன்னாள். நான் பின்னாலிருந்து அவள் முந்தானையை இழுத்தேன். அவள் திரும்பவில்லை.

சொர்ணம்மாள் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு கேட்டார். “அந்த பீரங்கிய சுடச் சொல்லியிருந்தா, எம்புள்ள இன்னிக்கு இருந்திருப்பானா?”

சொல்லாதே என்று எனக்கு உடம்பெல்லாம் கத்தியது. தெரியாதும்மா என்று சொல்லேன். கடவுள் விட்ட வழி என்று சொல்லேன். இப்படித்தானே ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள்.

“இருந்திருப்பான்” என்றாள் அக்கா. “மேல வந்த பையன் செத்திருப்பான்.”

“அவனுக்கு அம்மா கீறாங்களா?”

“கீறாங்க.”

சொர்ணம்மாள் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார். “எந்திரிச்சுப் போ” என்றார். கத்தவில்லை. நாங்கள் படி இறங்கும்போது பின்னாலிருந்து சொன்னார். “தெனம் காலையில மிஸ்டு கால் குடுப்பான். இன்னும் அந்த நேரத்துக்குப் போனக் கையில வச்சிகினு உக்காந்துகினுகீறேன். இந்தப் பைத்தியம் எப்ப தெளியும்னு உன் கவர்மெண்ட்டாண்ட கேட்டுச் சொல்லு.”

அக்கா மண்ணூர் பஸ் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, தானே பிளக்ஸின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். நானும் மறுபக்கம் ஏறினேன். சுபாஷ் ஓடிவந்தான்.

“இன்னாக்கா இது? உனுக்காகத்தான வச்சேன்!”

“எனக்குன்னு வச்சியில்ல? என்னுது. நான் எடுத்துக்கறேன்.”

மடித்து, பக்கத்து டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டாள். மழைக்கு அவர் கூரைக்கு மேல் போட்டிருக்கிறார். எழுத்துப் பக்கம் கீழே. பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்தால் கீற்று இடுக்கில் சுபாஷின் கைப்பேசி எண் இன்றும் தெரியும்.

அக்கா திரும்பிப் போனாள். மறுநாள் காலை அப்பாவுக்கு மிஸ்டு கால் வந்தது. சண்டை நின்று நாளாகியிருந்தாலும் அப்பாவுக்காக அதை அவள் நிறுத்தவில்லை. அன்று மதியம் சொர்ணம்மாள் எங்கள் கேட்டுக்கே வந்துவிட்டார், சமையல் ஏப்ரனோடு. செக்யூரிட்டி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“உன் அக்காவுக்கு இன்னா திமிரு? காலைல எனக்கு மிஸ்டு கால் குடுக்கறா! எம்புள்ள எடத்துல வந்து நிக்கப் பாக்கறாளா?”

சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டு நானும் என் பங்குக்குத் திட்டினேன். புண்ணைக் குத்துகிற வேலை இது என்றேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நிறுத்துன்னு சொன்னாங்களா?” என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். “இல்ல. திட்டுனாங்க.”

“அப்ப திட்டட்டும்” என்று வைத்துவிட்டாள்.

தினமும் கொடுத்தாள். அப்பாவுக்கு ஒன்று, முடிந்ததும் சொர்ணம்மாளுக்கு ஒன்று. சொர்ணம்மாள் சில நாள் கட் செய்வார், சில நாள் அடிக்க விடுவார். எடுத்ததில்லை. என்னைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆவணி பிறந்தும் விசாரணை முடியவில்லை. மணிகண்டபிரபுவின் சாவுக்கு அக்காதான் காரணம் என்று முடிவானால் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வனமாமலை சொல்லியிருந்தார். எனக்கோ, அவள் வேலையைவிட அந்த முடிவுதான் பயமாக இருந்தது. எழுத்தில் அப்படி வந்துவிட்டால் அதற்கப்புறம் அவள் தூங்கவே மாட்டாள்.

கடைசி விசாரணை நாள் வந்தது. அன்று காலை மிஸ்டு கால் வரவில்லை.

அப்பா போனை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். நான் கூப்பிட்டேன், ஸ்விட்ச் ஆஃப். ஷிப்டுக்கு வந்தும் லைனில் நிற்க முடியவில்லை. இரண்டு சீட்டில் பெல்ட்டை மாற்றிப் போட்டதைக்கூடக் கவனிக்காமல் விட்டு, மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே ஓடிவந்தேன்.

எதிர்ப்புறம், லாரிகளுக்கு நடுவே, சொர்ணம்மாள் சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தார். கை ஈரம். ஏப்ரனில் மஞ்சள் கறை. போன் கையில் இருந்தது.

“இன்னாபா, இன்னிக்கு இன்னும் வரல?”

இன்று விசாரணை என்று சொன்னேன்.

“எம்புள்ள செத்ததுக்கா?”

“ஆமாம்மா.”

அவர் காம்பவுண்டு சுவரில் சாய்ந்து நின்றார். “அவன் அங்க நின்னது அவனா நின்னது” என்றார். “அவன் அப்படித்தான். சின்ன வயசுலருந்து, இருன்னா ஓடுவான், ஓடுன்னா நிப்பான். அத அங்க யாராவது சொன்னாங்களா?” சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதியது. நான் போகவில்லை, அவரும் போகவில்லை. இரண்டு பேரும் வெயிலில் அவர் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அடித்தது முதலில் என் போன்தான். “போனையெல்லாம் வாசல்லயே வாங்கி வச்சிட்டாங்கடா” என்றாள் அக்கா. குரல் கரகரத்தது. “என் மேல தப்பில்லன்னு முடிச்சிட்டாங்க. அடுத்த ரேங்க் கிடைக்காது. அது கெடக்கட்டும். அப்பாவாண்ட சொல்லிடு, நான் அவங்களுக்கு ஒரு கால்...”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் போய்விட்டது. அடுத்த நிமிடம் சொர்ணம்மாளின் கையில் போன் அடித்தது. ஒருமுறை. இரண்டாவது முறை. மிஸ்டு காலை எடுக்கக் கூடாது என்பது எங்கள் இரண்டு வீட்டுக்கும் தெரியும்.

சொர்ணம்மாள் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு, எடுத்துக் காதில் வைத்தார்.

“இன்னாடி நெனச்சிகினுகீற? மணி இன்னா ஆவுது? இங்க ஒருத்தி காலைலருந்து பச்சத் தண்ணிகூடக் குடிக்காம உக்காந்துகினுகீறேன்!”